முதலில் கன்று

ஃப்ளாஸ்க்கின் மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டேனோ என்ற நினைப்பு தவமணிக்கு வந்தபோது, அவள் மரக்குற்றியில் உட்கார்ந்து துவக்கை மடியில் குறுக்கே வைத்தாயிற்று, இனி எழும்ப முடியாது. வேட்டைக் கூட்டத்தின் தலைவன் ஒட்வார் கிழவன் மேற்குப் பக்கத்தில் நாயை அவிழ்த்துவிட்டதிலிருந்து, போதும் வாருங்கள் என்று அவனே ரேடியோவில் சொல்லும் வரைக்கும், அவரவர் தமக்கென்று விட்ட இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் சுடக் கூடாது என்பதும் தெரியும். அது நியாயம். ஆனால் மூடி. மூடியை இறுக்குவது அவளுடைய கைப்பழக்கம். ஊறுகாய்ப் போத்தல், மருந்துப் போத்தல், தண்ணீர்க் குழாய், எதுவானாலும் கடைசியில் இன்னொரு திருகு திருகிவிட்டுத்தான் கை ஓயும். அவளுடைய புருஷன் குலேந்திரனுக்கு இப்போது இடக்கை மட்டும்தான் கை. பாரிசவாதம் வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது, வலக்கை அவருடைய மடியில் கிடக்கிற ஒரு சாமான், அதை எடுத்து வைக்க வேண்டும், போர்த்த வேண்டும், சட்டைக்குள் நுழைக்க வேண்டும். ஒற்றைக் கையால் ஃப்ளாஸ்க்கைப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் மூடியைத் திருகலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. அதனால் மூடியைத் திருகாமல் சும்மா மேலே கவிழ்த்துவிட்டு வர வேண்டும் என்று படுக்கும்போதே நினைத்து வைத்திருந்தாள். கவிழ்த்தாளா, திருகினாளா. தேத்தண்ணி ஊற்றியது நினைவிருக்கிறது, இஞ்சித் துண்டு வடியில் தங்கியது நினைவிருக்கிறது, ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தது நினைவிருக்கிறது. மூடி மட்டும் இல்லை. கை தன்பாட்டில் செய்ததைக் கண் பார்க்கவில்லை. நகரசபை அனுப்புகிற உதவிக்காரப் பெண் வெயில் நன்றாக ஏறித்தான் வருவாள். அதுவரைக்கும் அவர் யன்னலோரத்துச் சாய்கதிரையில் இருந்து, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யன்னல் இங்கிருந்து தெரியாது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முன்னால் சதுப்பு நிலம், மஞ்சளாகிப்போன புல்லின் மேல் உறைபனி உப்புப் போல் படிந்து கிடக்கிறது. அதற்கப்பால் பைன் மரங்கள், மரங்களுக்கப்பால் சரிவு, சரிவின் அடியில் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. காற்றில்லாத நாளில் இங்கே வைக்கிற வெடி அங்கே கேட்கும். அதற்காகத்தான் யன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுவார். “குளிருமப்பா” என்றால் “திற” என்பார். பேச்சில் பாதி போய்விட்டது, ஒரு சொல், இரண்டு சொல், அதற்குமேல் நாக்கு மடங்காது. ஆனால் காது அப்படியே இருக்கிறது. எந்த இடத்திலிருந்து வெடி கேட்டது, யாருடைய துவக்கு, ஒன்றா இரண்டா என்று அந்தச் சாய்கதிரையில் இருந்தே சொல்லிவிடுவார். ஒன்று கேட்டால் முகம் மலரும். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று அவசரமாகக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், யாரோ காயப்படுத்திவிட்டான், இனிப் பகல் முழுக்க இரத்தம் பார்த்துத் திரிய வேண்டியதுதான். அவர் சுட்ட காலத்தில் இரண்டாவது குண்டுக்கு வேலை வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவளும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த நாட்டுக்காரர் எல்க் என்று சொல்கிற மிருகத்தை நோர்வேயில் இருக்கிற வன்னிச் சனம் மரை என்றுதான் சொல்லும். இது மரை இல்லை, மரையைப் போல இரண்டு மடங்கு, சுளகு மாதிரி விரிந்த கொம்பு, தொங்கிப்போன மூக்கு, கால் மட்டும் யாரோ இரவல் கொடுத்தது போல நீளம். என்றாலும் தெரிந்த பெயர் ஒன்று இருக்கும்போது நாக்கு ஏன் புதுப் பெயரைத் தேட வேண்டும். குலேந்திரன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்த முதல் வருடமே இந்தக் குற்றியில் இருந்து ஒரு பெரிய கடாவை ஒரே வெடியில் விழுத்தியிருந்தார். அன்றிலிருந்து இந்த இடத்துக்குப் பெயர் குலேயின் இடம். குலே என்றால் அவர்களுடைய பாஷையில் துவக்குக் குண்டாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து அவரைத் தோளில் தூக்காத குறை. இருபது வருடம் அவர் இருந்த குற்றியில் இப்போது அவள் இருக்கிறாள். அவருடைய உடம்பின் அகலத்துக்கு மரம் குழிந்திருக்கிறது, அவளுக்கு இரண்டு பக்கமும் மிச்சம்.

காலையில் நெருப்பைச் சுற்றி எல்லாரும் கோப்பி குடித்தபோது ஒட்வார் வழக்கம்போலத் தொடங்கினான். தவமணி என்ற பெயர் அவர்களுடைய வாயில் தாவா. அவர்களுடைய பாஷையைக் கேட்டுக் கேட்டு முப்பது வருடமாகிவிட்டது, இப்போது அது அவளுடைய மண்டைக்குள் போகும்போதே ஊர்த் தமிழாக மாறித்தான் விழுகிறது. “தாவா வந்திட்டா. இனிக் காத்து எந்தப் பக்கம் எண்டு ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை, தேங்காயெண்ணெய் மணந்தால் கிழக்குக் காத்து.” “இண்டைக்கு எண்ணெய் வைக்கேல்லை.” “அப்ப கடுகு தாளிச்சிருக்கிறாய்.” ஒட்வாரின் மருமகன் ஸ்தைனார் குனிந்து நெருப்புக்குச் சுள்ளி போட்டுக்கொண்டே, “விடுங்கோ மாமா, மரை பசியெடுத்துத் தானா அவவைத் தேடி வரும்” என்றான். “உம்மட முகத்தில பூசியிருக்கிற வாசத்துக்கு அது சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், தம்பி” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள், அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நல்ல பொடியன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் அவனிடமிருந்து ஒன்றைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்திருக்கும். வேட்டைச் சட்டையை அவள் வீட்டுக்குள் கொண்டுபோவதே இல்லை, வெளியே விறகுக் கொட்டிலில்தான் தொங்கும், அதுவும் குலேந்திரன் போட்ட சட்டம். வெங்காயம் வதக்கின வீட்டுக்குள் தொங்கின சட்டையோடு காட்டுக்குப் போகிறவன் மரைக்கு முன்கூட்டியே தந்தி அடிக்கிறவன் என்பார் அப்போது, நாக்கு நீளமாக இருந்த காலத்தில். அந்த நாக்கு எங்கே போயிருக்கும். வைத்தியர் படம் காட்டினார், மூளையில் இந்த இடம் என்று சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார், பேரீச்சங்கொட்டை அளவு. அதற்குள்ளா இவ்வளவு பேச்சும் இருந்தது. மூடியைத் திருகினாளா, கவிழ்த்தாளா.

செவ்வாய்க்கிழமை தோல் உரிக்கிற கொட்டிலில் வைத்து ஒட்வார் சொன்னது எலும்புக்குள் கிடக்கிறது. கத்தியைத் தீட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், “தாவா, குலேயின்ர இடம் சும்மா கிடக்கக் கூடாது” என்றான். “சும்மா எங்க கிடக்குது, நான் இருக்கிறன்.” “நீ இருக்கிறாய். சுடேல்லை.” கத்தியைப் புரட்டி மற்றப் பக்கத்தைத் தீட்டினான். “போன வருசம் ரெண்டு தரம் உன்ர முன்னால வந்து நிண்டது. ரெண்டு தரமும் கண்டனான், சுடேல்லை எண்டு நீயே ரேடியோவில சொன்னாய். பொய் சொல்லேல்லை, அதுக்கு மரியாதை. சுடாமல் விடுறதும் வேட்டைக்காரன்ர உரிமைதான். ஆனா இந்தக் காட்டிலேயே நல்ல இடம் அது. இந்த வருசமும் இப்பிடியெண்டால் வாற வருசம் ஸ்தைனார் அதில இருக்கட்டும். நீ கோப்பி குடிக்க வா. எப்பவும் வரலாம்.” கோப்பி குடிக்க வா. அவன் அதை அன்பாகத்தான் சொன்னான், அதனால் இன்னும் மோசமாக இருந்தது. கணக்கு இப்படித்தான் நிற்கிறது. இவர்களுடைய கூட்டத்துக்கு இந்த வருடம் அனுமதித்ததில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கன்று. அது விழுந்தால் வேட்டை முடிந்தது, துவக்கைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான், இனி அடுத்த இலையுதிர் காலம். விழாவிட்டால் நாளைக்கும் வரலாம், மாதம் முடியும் வரை வரலாம், ஆனால் அடுத்த வருடம் இந்தக் குற்றி இல்லை. அவளுக்கு முன்னால் வந்தால் சுட வேண்டும், சுட்டால் இடம் தங்கும், இந்த வருடத்துக் காலைகள் போய்விடும். சுடாவிட்டால் இன்னும் ஏழெட்டுக் காலைகள் கிடைக்கும், பிறகு ஒன்றுமே இல்லை. ஒருவருக்கும் முன்னால் ஒன்றுமே வராமல் இருந்தால் என்ன. நாய் இன்னும் குரைக்கவில்லை. காகம் ஒன்று, ஊர்க் காகத்தைவிடப் பெரியது, குரல் மட்டும் தொண்டை கட்டியது, மரத்துக்கு மேலால் போனது. அதன் இறகு காற்றை வெட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

இவள் பாவம் பார்க்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். சைவக்காரி, கை வராது. தமிழ்க் கடையில் ரஞ்சிதமக்கா பிலாக்கொட்டையைக் கையால் அளைந்துகொண்டே எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். “என்ன தவமணி, ஊரில அத்தனை பெட்டையள் இயக்கத்துக்குப் போகேக்க கட்டிலுக்குக் கீழ ஒளிச்ச ஆள், இப்ப இந்த வயசில துவக்கோட திரியிறீராம்?” “ஓமக்கா, அப்ப கட்டில் இருந்தது, இப்ப காடு இருக்குது.” சிரித்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடாதவள் வெள்ளிக்கிழமையே வந்து குந்தியிருக்கிறாள் என்பதும் அக்காவுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் பாவம் பார்த்து விடவில்லை. ஒட்டுசுட்டானில் அப்பா மரை அடித்துக்கொண்டு வந்தால் வத்தல் போட்டுக் கயிற்றில் காயவிடும்போது காகம் கலைத்தவள்தான் அவள், இரத்த மணம் புதிது இல்லை. அப்பாவுக்கு வேட்டை சரிவந்தது என்றால் வளவைச் சுற்றி எல்லா வீட்டுக்கும் ஒரு கூறு போனது என்று அர்த்தம், போகாத வீடு ஒன்று இருந்தால் அந்த வேட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். குலேந்திரனுக்கு ஒரே வெடி. ஒட்வாருக்கு, காயம்பட்ட மிருகத்தைத் தேடி ஒருவரும் இருட்டுக்குள் டோர்ச் பிடிக்காமல் வீடு திரும்பினால் அது நல்ல வேட்டை, விழுந்தது எத்தனை என்று பிறகுதான் கேட்பான். அவளுக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். ஒன்றும் வராதது. அதுதான் அவளுக்கு நல்ல வேட்டை. ஒன்றும் வராமல், ஒருவரும் கூப்பிடாமல், கால் மரத்துப்போகும் வரை இருந்துவிட்டுப் போவது.

போன வருடம் முதல் நாள்தான் அது தெரியவந்தது. தொடை மரத்துப்போய் ஊசி குத்தத் தொடங்கியபோது, இவ்வளவு நேரமாக என்னை ஒருவரும் கூப்பிடவில்லையே என்று திடுக்கிட்டாள், ஏதோ பிழை நடந்துவிட்டது போல. அவள் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பொத்தான், அமத்தினால் விறாந்தையின் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும், ஒன்றை நிற்பாட்டப் போனால் மற்றது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் குலேந்திரன். வைத்தியசாலையிலிருந்து வந்த புதிதில், கூப்பிட அவருக்குக் குரல் வராது என்று அவசரத்துக்குச் சாமித்தட்டில் இருந்த பூசை மணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. தண்ணிக்கு மணி, மூத்திரத்துக்கு மணி, தலையணை சரிந்தால் மணி, தொலைக்காட்சியில் சத்தம் கூடினால் மணி. இப்போது சாமி கும்பிடும்போது அவள் மணி அடிப்பதில்லை, அடித்தால் தனக்கே கால் எழும்பிவிடும். “அம்மா, அப்பாவை இல்லத்துக்குக் குடுங்கோ, நீங்கள் வேலை செய்யிற இடம்தானே, பக்கத்திலேயே இருப்பார்” என்று மகள் துஷாந்தி ஒஸ்லோவிலிருந்து சொல்லுகிறாள். பக்கத்தில் இருப்பார், அங்கேயும் ஒரு பொத்தான் இருக்கும். கோபம் இல்லை அவளுக்கு. அந்த மனிசன் கேட்டுக்கொண்டா விழுந்தார். ஆனால் ஒரு மணித்தியாலம் வெளியே போய் வருகிறேன் என்றால் “ஏன்” என்பார், அந்த ஒரு சொல்லை மட்டும் பாரிசவாதம் ஒரு பிசகும் இல்லாமல் விட்டுவைத்திருக்கிறது. வேட்டைக்கு என்றால் மட்டும் கேட்க மாட்டார். “போம், போம்” என்பார், கண் பளபளக்கும். தன் இடத்தில் ஆள் இருக்கிறது என்பது அவருக்கு மருந்து. வேட்டை மட்டும்தான் அவளை அந்தக் கதவுக்கு வெளியே விடுகிறது. இந்தக் குற்றி போய்விட்டால், சும்மா போய் ஒரு மரத்துக்கடியில் இருந்துவிட்டு வருகிறேன் என்று எந்தப் பெண்சாதி சொல்லிவிட்டுப் போக முடியும். சும்மா என்பதற்கு ஒரு துவக்கு வேண்டியிருக்கிறது. போன வருடம் அந்த இரண்டு தரமும் மரை வந்து நின்றபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, இங்கேயும் வந்துவிட்டாயா என்று. சுட்டால் உடனே ஆட்கள் வருவார்கள், கயிறு, கத்தி, நாலு சில்லு வண்டி, கைகுலுக்கல், கோப்பி. அதனால் விட்டாள். இரக்கம் என்று மற்றவர்கள் பெயர் வைத்தார்கள், அவள் திருத்தவில்லை.

நாய் குரைத்தது. தூரத்தில், ஒரு தரம், பிறகு தொடர்ந்து, குரைப்பு நகர்ந்துகொண்டே வந்தது. இடது காதில் செருகிய ரேடியோக் குமிழுக்குள் ஒட்வாரின் மூச்சு முதலில், குரல் பிறகு. “தாயும் கண்டும். எழும்பிட்டுது. சதுப்புப் பக்கம் வருகுது. தாவா, உன்ர பக்கம். கேக்குதோ?” அவள் பேசவில்லை, பொத்தானை இரண்டு தரம் அமத்தினாள், டிக் டிக், அதுதான் ஓம். “கண்டு மட்டும்” என்றான். தெரியும். முதலில் கன்று, எப்போதும் முதலில் கன்று, தாயைச் சுட அனுமதி இருக்கிற வருடத்திலும்கூட. புதிதில் அவள் இதை வைத்துக் குலேந்திரனோடு சண்டை பிடித்திருக்கிறாள், குசினியில், கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே. “அதென்னப்பா, குஞ்சை முதல் கொல்லுறது, மனிசர் செய்யிற வேலையே?” அவர் மேசையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். “தாயை விழுத்தினால் கண்டு அந்த இடத்தை விட்டுப் போகாது, தவம். அதுக்கு வழியும் தெரியாது, குளிரும் தெரியாது, அங்கேயே சுத்தி நிண்டு பனிக்குள்ள சாகும். கண்டை விழுத்தினால் தாய் கொஞ்ச நேரம் நிக்கும். பிறகு போயிடும்.” “எவ்வளவு நேரம்?” “அது தாயைப் பொறுத்தது.” எவ்வளவு நேரம் என்று ஏன் கேட்டாள் அப்போது. கத்தரிக்காய் கறுத்துவிடும் என்று தண்ணீரில் போட்டது நினைவிருக்கிறது. மூடி நினைவில்லை. நெஞ்சு அடிப்பது சட்டையை அசைக்கிறதோ என்று பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம், கை பிசகி வயிற்றில் பட்டு அது காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவது, ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வெடி கேட்பது. பைன் மரங்களுக்கிடையில் ஒரு மரம் நகர்ந்தது. அது மரமில்லை, கால். தாய் முதலில் வந்தது, சத்தமே இல்லாமல், அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல். நின்று காதைத் திருப்பியது. அதன் பின்னால் கன்று. கன்று என்றாலும் ஊரில் ஏருக்குப் பூட்டுகிற நாம்பன் மாட்டின் அளவு, மூஞ்சியில் மட்டும் குழந்தைத்தனம்.

துவக்கு தோளுக்கு எப்போது போனது என்று தெரியவில்லை, அதுவும் கைப்பழக்கம்தானாக்கும். துவக்கின் குறிபார்க்கிற கண்ணாடிக்குள் கன்றும் தாயும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நின்றன. இப்போது சுடக் கூடாது. குண்டு ஒன்றைத் துளைத்து மற்றதிலும் போகும். நின்றன. இப்படியே நின்று இப்படியே போய்விட்டால், மறைத்துக்கொண்டு நின்றது, சுட முடியவில்லை என்று ஒட்வாரிடம் உண்மையைச் சொல்லலாம், அவனும் ஏற்றுக்கொள்வான், நாளைக்கும் வரலாம். போ, என்று மனதுக்குள் சொன்னாள், போயிடு. தாய் நின்றது. கன்றுக்கு என்ன தோன்றியதோ, முன்னால் இருந்த சின்னப் பேர்ச் மரத்தின் நுனியைக் கடிக்க இரண்டடி வைத்து வெளியே வந்தது, தனியாக, பக்கவாட்டில், வெளிச்சத்தில். வாயில் ஒரு மஞ்சள் இலை. அப்போது அவளுக்கு வந்தவை ஒரு ஒழுங்கில் வரவில்லை. ஸ்தைனார் இந்தக் குற்றியில் இருப்பது, அவனுடைய அகலத்துக்கும் குற்றி சரியாக இருப்பது. பூசை மணி. ஏன் என்கிற அந்த ஒரு சொல். துஷாந்தி பிறந்தபோது மார்பில் போட்டார்கள், ஈரமாக, நெற்றியில் சுருக்கத்தோடு. கோப்பி குடிக்க வா. இது இறைச்சிக்காக இல்லை, அவருக்காகவும் இல்லை, அடுத்த வருடமும் இங்கே வந்து சும்மா இருப்பதற்காக ஒரு கன்று. அதை அவள் அறிந்தாள், மறைக்காமல் அறிந்தாள். முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு கையகலம் மேலே. சுடுகிற மைதானத்தில் சில்லுக் கதிரையில் இருந்தபடி அவர் இவளுக்குப் பழக்கியது ஒரே ஒரு சொல்லால்தான். மூச்சை விடும்போது முழுதும் விடாமல், “பாதி.” மூச்சை விட்டாள். பாதி.

வெடி ஏரியைத் தாண்டிப் போய் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கன்று முழங்காலிட்டது, பிறகு இருந்த இடத்திலேயே சரிந்தது, கால் ஒருதரம் உதைத்தது, அவ்வளவுதான். தாய் ஓடியது, மரங்களுக்குள் மறையும் வரை ஓடியது. நாயை ஒட்வார் எங்கேயோ பிடித்துக் கட்டிவிட்டான், குரைப்பு அறுந்துபோயிற்று. “ஒண்டுதான் கேட்டது. விழுந்துதோ?” டிக் டிக். “நிண்ட இடத்திலயோ?” டிக் டிக். யாரோ ரேடியோவில் மெல்ல விசிலடித்தார்கள், ஸ்தைனார்தான், “அப்ப கோப்பி நான்தான் போடவேணும் போல” என்றான், அதில் காழ்ப்பு இல்லை. அதற்குள் மரங்களுக்கிடையில் கால்கள் மறுபடியும் வந்தன. தாய் திரும்பி வந்தது. கன்றுக்கு அருகில் போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று தலையை நீட்டி மணந்தது. மூக்கிலிருந்து புகை போல மூச்சு. மறுபடி ஒரு அடி. நின்றது. “தாய் வந்திட்டுதோ?” என்றான் ஒட்வார், எப்படித் தெரிந்ததோ. டிக் டிக். “அப்ப ஒருத்தரும் அசையக் கூடாது. தாவா சொல்லும் வரைக்கும் எல்லாரும் இருங்கோ. அது போனாப் பிறகு சொல்லு, தாவா. எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்லை.” பிறகு காதுக்குள் ஒன்றும் இல்லை. ஆறு பேர் ஆறு இடத்தில் அவளுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். தவமணி துவக்கை மெல்ல மடிக்கு இறக்கினாள். தாயைப் பார்க்காமல் இருக்கலாம் என்று பார்த்தாள், அதைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை. அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்த இடத்தில் ஒரு வெறுமையான சுத்தம்தான் இருந்தது, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி.

நெஞ்சுப் பையில் கைபேசி அதிர்ந்தது. இடத்தில் இருக்கும்போது கைபேசி கூடாது, அவளுக்கு மட்டும் வீட்டு நிலைமைக்காக ஒட்வார் விட்டிருந்தான், சத்தமில்லாமல். தாயின் காது இந்தப் பக்கம் திரும்பியது. எடுக்கக் கூடாது. அவர்தான். வெடி கேட்டிருக்கும், ஒன்று, தன் இடத்திலிருந்து, இடக்கையால் பொத்தானைத் தேடி அமத்தியிருப்பார், முகம் மலர்ந்திருக்கும். அல்லது ஃப்ளாஸ்க் சரிந்து மடியில் கொட்டியிருக்கும், உணர்ச்சியில்லாத பக்கத்தில், சுடுவதே தெரியாமல். மூடியைத் திருகியிருந்தால் கொட்டாது. கவிழ்த்திருந்தால் கொட்டும். கை தானாகவே போய், மிக மெல்ல, அதைக் காதுக்குக் கொண்டுவந்துவிட்டது. “தவம்,” என்றார். மூச்சு வாங்கியது. “கண்டோ?” “ம்,” என்றாள் உதடு பிரியாமல். “ஒண்டு,” என்றார், அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, தன் காதில் கேட்டதை அவளிடம் கொடுத்தார். “ம்.” அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம், சிரிப்பும் அழுகையும் இப்போது அவரிடம் ஒரே மாதிரித்தான் வெளிவரும். பிறகு அது நின்றது. இருபது வருடம் இந்தக் குற்றியில் இருந்த மனிசன், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவர். “தாய்?” “நிக்குது.” “வை,” என்றார் உடனே. “அசையாத. வை.” ஆனால் வைக்க வேண்டுமென்றால் கையை இறக்க வேண்டும், அசைய வேண்டும், தாய் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அவருடைய மூச்சு காதில் ஏறி இறங்கியது, இடையில் யன்னல் வழியாக வருகிற காற்றின் சத்தம். “தேத்தண்ணி,” என்றாள் மிக மெல்ல, “திறக்க ஏலுமோ, மூடி?” “குடிச்சிட்டன்,” என்றார். “எப்பிடி?” “முழங்கால்,” என்றார், சொல்லைத் தேடி, “முழங்காலுக்க. வைச்சு.” ஒரு குழந்தையின் பெருமை அதில் இருந்தது. அப்படியென்றால் அவள் திருகித்தான் வைத்திருக்கிறாள். திருகித்தான் இருந்தது, அவர் திறந்துகொண்டார்.

தாய் தலையைத் தாழ்த்தியது. கன்றின் காதுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தது, எடுத்தது. பிறகு, ஏதோ நினைவு வந்தது போல, சரிவைப் பார்க்கத் திரும்பி நடந்தது, அவசரமில்லாமல், ஒவ்வொரு காலையும் உயர்த்தி உயர்த்தி வைத்து. பின்பக்கத்தின் வெளிறிய நிறம் மரங்களுக்குள் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அது மரத்தின் நிறமாகிவிட்டது. சதுப்பில் கன்று மட்டும் கிடந்தது, வாயில் இன்னும் அந்த மஞ்சள் இலை. இப்போது பொத்தானை அமத்தி ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் வருவார்கள், கயிறு வரும், கத்தி வரும், கைகுலுக்குவார்கள், குலேயின் இடம் தாவாவுக்குத்தான் என்று கிழவன் எல்லாருக்கும் முன்னால் சொல்லுவான், பிறகு துவக்கைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் மணி. காட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஏரியிலும் இல்லை. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அவளுக்காக. “போயிட்டுதோ?” என்றார் அவர்.

வெறும் புல்லின் மேல் உறைபனி கரையத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

“இல்லை,” என்றாள் மெல்ல. “இன்னும் நிக்குது.”

“அப்ப இரும்,” என்றார்.

அவள் இருந்தாள்.